எந்த ஊர்க் காற்றில் அடித்த பந்து?

கோல்ஃப் மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பற்றி மனிதர்கள் சண்டை போடும் நேரம் மீதி வாழ்நாள் முழுவதும். என் பிழைப்பு இந்த இரண்டாவது நேரத்தில் நடக்கிறது.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், அவிநாசி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானம். நின்று அடிக்க நாலு மேடைகள், எதிரே கொஞ்சம் புல்வெளி, அது முடிகிற இடத்தில் பனை உயரத்துக்கு வலை. வலை மறிப்பதால் பந்து முழுத் தூரம் போகாது. அதனால் ஒவ்வொரு மேடைக்குப் பின்னாலும் ஒரு ரேடார் பெட்டி வைத்திருக்கிறோம். மட்டை வந்த வேகம், பந்து கிளம்பிய வேகம், அது சுழன்ற சுழற்சி எல்லாவற்றையும் பார்த்து, வலை இல்லாவிட்டால் எத்தனை யார்டு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். அந்த எண்ணை அடித்தவருக்கு விளக்குவது என் வேலை.

இதற்கு முன் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். சேர ஆள் இல்லையென்று துறையையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் என் இயற்பியலைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே இடம் இதுதான். மிஷின் இருக்கும் வரை நான் இருப்பேன், மிஷின் போனால் நானும் போவேன். இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்.

எடை மிஷின் பக்கத்தில் நிற்கும் நர்ஸம்மாக்களே, இடுப்பளவு எடுக்கும் தையல்காரர்களே, சர்க்கரை அளவைக் கவரில் போட்டு நீட்டும் லேப் பெண்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எண் நம்முடையது இல்லை, திட்டு மட்டும் நமக்கு. நாம் பட்ட அதிர்ச்சியை நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

பந்து போன பிறகு

முதல் மேடை விசைத்தறி வைத்திருக்கும் சுப்பிரமணியம் அவர்களுடையது. இங்கே யாருக்கும் மேடையை எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒருவர் நின்று பழகிய மேடையில் இன்னொருவர் கால் வைக்க மாட்டார். அவர் அடிக்கும் பந்து எல்லாம் வலது பக்கமே போய்க்கொண்டிருந்தது. "மட்டை படற நேரத்துல எடப்பக்கமாச் சித்தெ தள்ளி உடறனுங்க, அப்பவும் இப்படிப் போகுது" என்று மிஷினை முறைத்தார்.

அடி படும் கணத்தை மட்டும் பிடித்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். பந்து மட்டையில் பட்டதும் ஒரு பக்கம் சப்பையாகிறது. ஒரு சின்னக் கார் ஏறி நிற்கிற அளவுக்கு அதன் மேல் அழுத்தம். உடனே உருண்டையாகி ஓடிவிடுகிறது. அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ, கிட்டத்தட்ட அந்தப் பக்கமே பந்து கிளம்பும். "அடி பட்டது உங்க கைக்குத் தெரியறதுக்குள்ள பந்து ஓராள் தூரம் தாண்டிருதுங்க. நீங்க தள்றது வெறும் காத்தை" என்றேன்.

மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. கனடாவில் இருக்கும் மகனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்ர பையனுக்கும் இப்படித்தானுங்க டீச்சர், அவன் போனதுக்கப்பறந்தான் நான் அவனைத் திருப்பிட்டே இருந்திருக்கறேன்."

தூக்குவது யார் வேலை

இரண்டாவது மேடை பல் டாக்டர் பூங்கொடிக்கு. அவர் அடித்தால் பந்து பறக்காது, தரையோடு ஓடும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற அக்கறையில் அடிக்கும்போது உடம்பைப் பின்னால் சாய்த்து, அகப்பையால் குழம்பில் இருந்து காய் எடுப்பது மாதிரி மட்டையைக் கீழிருந்து மேலே இழுப்பார். மட்டையின் அடி விளிம்பு பந்தின் நடு வயிற்றில் இடிக்கும். கிளம்பிய கோணம் பூஜ்யம் என்று திரை சொல்லும்.

"மேலே போகணும்னா கீழே பார்த்து அடிங்க டாக்டர்" என்றேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்பது போல் பார்த்தார். மட்டையின் முகம் ஏற்கெனவே சாய்வாகத்தான் இருக்கிறது, நீங்கள் இறக்கினால் போதும், சாய்வு பந்தை ஏற்றிவிடும், பந்து பின்பக்கமாகச் சுழல்வதால் காற்றே அதை மேலே தாங்கிப் பிடிக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். நான் சொன்னது தப்பு என்று நிரூபிக்கிற கோபத்தோடு ஓங்கிக் கீழே இறக்கினார். பந்து எழும்பி வலையின் உச்சிக் கயிற்றில் போய் அடித்தது. டாக்டர் போட்ட சத்தத்தில், உள்ளே பந்து சேகரிக்கும் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த மரியதாஸ் பிரேக்கை மிதித்துவிட்டார்.

இன்னும் நாலு பந்து அடித்தார். நாலும் ஏறின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"வீட்லயும் கிளினிக்லயும் எல்லாத்தையும் நானே தூக்கிட்டிருக்கேன் டீச்சர், இது ஒண்ணாவது தானாப் போகுதே!"

நம்ம ஊர் வார்ப்பு

மூன்றாவது மேடைக்காரர் வேலுச்சாமி, ஃபவுண்டரி வைத்திருப்பவர். ஒரு நாள் பெரிய மட்டை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வழக்கமாக அந்த மட்டையின் தலை உள்ளே கூடாக இருக்கும், முகத்தகடு மெல்லிசாக இருக்கும். இவர் கொண்டுவந்தது அவருடைய ஃபவுண்டரியிலேயே வார்த்த கெட்டி எஃகு, இரண்டு மடங்கு எடை. "வெளிநாட்டுக்காரன் தகரத்தை வித்துட்டிருக்கறானுங்க. கனம் இருந்தாத்தானே அடி உழுகும்?" என்றார். கோயமுத்தூரில் எதையும் நம்மாலேயே செய்துவிட முடியும் என்று நம்புகிறவர்களில் அவர் ஒருவர். பல நேரம் அது உண்மையும்கூட.

எடையை இரட்டிப்பாக்கினால் பந்தின் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடும், அதுவும் அதே வேகத்தில் வீச முடிந்தால். மெல்லிய தகடுதான் உள்ளே குழிந்து எழும்பிப் பந்தைத் தள்ளுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முதல் அடி, டங் என்று கோயில் மணிச் சத்தம். பழைய மட்டையில் போன தூரத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை. இரண்டாவது அடிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். தண்டு முறிந்தது. எஃகுத் தலை தனியாகப் பறந்து, மரியதாஸின் டிராக்டரைச் சுற்றியிருக்கும் கம்பி வலைக் கூண்டில் போய் மோதியது.

வேலுச்சாமி கையில் முறிந்த குச்சியோடு சிலையாக நின்றார். மரியதாஸ் கூண்டிலிருந்து மெல்ல இறங்கி, அந்தத் தலையைப் புல்லில் தேடி எடுத்து, துண்டால் துடைத்து, நடந்து வந்து வேலுச்சாமியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"பந்தைவிட இது நல்லாப் போகுதுங்க. இது எத்தனை யார்டுன்னு மிஷின் காட்டுச்சுங்களா டீச்சர்?"

மலை ஏறிய எண்

நாலாவது மேடை பம்பு தயாரிக்கும் நாச்சிமுத்துவுக்கு. வந்த முதல் நாளே, ஏழாம் நம்பர் மட்டையில் தன் அடி நூற்று ஐம்பத்தைந்து யார்டு என்று சொன்னார். மிஷின் நூற்று நாற்பது என்றது. மறுபடி அடித்தார், மறுபடியும் நூற்று நாற்பது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க, இந்தப் பெட்டி கெட்டுப்போச்சுங்களா, இல்லை நானுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நம் ஊரில் கோபம் அதிகமாக ஆக 'ங்க'வும் அதிகமாகும்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவர் இத்தனை காலமும் விளையாடியதெல்லாம் ஊட்டியில். அங்கே காற்று லேசு, கீழே இருப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு கனம்தான் இருக்கும். பறக்கும் பந்தை இழுத்துப் பிடிக்கிற காற்று குறைவு என்பதால் கூடுதலாகப் போகும். பம்பு செய்கிறவருக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. "மலை மேல வெச்சா பம்பு உறிஞ்சறது கொறையும்னு நானே கஸ்டமருக்குச் சொல்றவனுங்க, இது எனக்குத் தோணலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மிஷினில் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறிக்க ஓர் இடம் உண்டு. அதில் ஊட்டியின் உயரத்தைப் போட்டேன். அதே மனிதர், அதே மட்டை, அதே அடி. நூற்று ஐம்பத்தைந்து.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கோயமுத்தூர் உயரத்துக்கு மாற்ற எனக்கே மனம் வரவில்லை. மாற்றினேன்.

"ஊட்டியையே வெச்சுப்போடுங்க டீச்சர், கீழ எதுக்குங்க எறங்கோணும்?"

ஊரை மட்டும்

இதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் எங்கள் ஓனர் தண்டபாணி. அவருக்கு வேறொரு வெசனம். மதுக்கரைப் பக்கத்தில் புதிதாக ஒரு பயிற்சி மைதானம் வந்திருந்தது. இங்கே நூற்று முப்பது அடிக்கிறவர் அங்கே போனால் நூற்று ஐம்பது அடித்தார். எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய் வீரர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நான் வந்து பார்த்தால் நாலு மிஷினும் ஊட்டியில் நிற்கின்றன. ஓனரே உட்கார்ந்து மாற்றியிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொய் சொல்றோமேங்க" என்றேன். நிஜமாகவே அவர் மனம் புண்பட்டுவிட்டது. அதில் நான் கை வைக்கக் கூடாது என்றும், அடுத்து மதுக்கரைக்காரர்களோடு ஒரு போட்டி வைத்திருப்பதாகவும், அதில் நம் நாலு பேர் தோற்றால் இந்த மிஷினால் என்ன பிரயோசனம் என்று யோசிக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். மிஷின் போனால் நான் எங்கே என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. நாலு பேரும் தாங்கள் தேறிவிட்டதாகவே நம்பினார்கள். சுப்பிரமணியம் புது ஷூ வாங்கியதால் வந்த பலன் என்றார். வேலுச்சாமி தான் நிறுத்திய சிகரெட்டுக்குப் பெருமை கொடுத்தார். டாக்டர் மைசூர்பாகு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஊட்டி விஷயம் தெரிந்த நாச்சிமுத்துவே, "பழகப் பழக வருதுங்க" என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். என் பங்கு மைசூர்பாகை அப்படியே வைத்துவிட்டேன். மறுபடி ஓனரிடம் போனேன்.

"நாம பொய் சொல்லலைங்க டீச்சர், ஊரை மட்டுந்தான் மாத்தியிருக்கறோம்."

குட்டை

போட்டி பாலக்காட்டு ரோட்டில் ஒரு மைதானத்தில், இரண்டு தரப்புக்கும் பொதுவான இடம். நான் தண்ணீர் பாட்டிலும் குடையும் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ஆரம்பத்திலிருந்தே எல்லாப் பந்தும் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைத் திட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் மதுக்கரைக்காரர்களும் அதே காற்றைத்தான் திட்டினார்கள். அவர்கள் மிஷின் எந்த மலையில் நிற்கிறது என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு அணியும் சமம். அடிக்கும் இடத்துக்கும் குழி இருக்கும் புல்திட்டுக்கும் நடுவே ஒரு குட்டை. நூற்று ஐம்பது யார்டு தாண்டினால் தப்பிக்கலாம். அந்தத் தூரம் தாண்டும் என்று மிஷின் சொன்ன மட்டையைத்தான் அவரவர் எடுத்தார்கள். சுப்பிரமணியம் அடித்தார், குட்டையில் விழுந்தது. வேலுச்சாமி அடித்தார், தண்ணீர் தெறித்தது. டாக்டர் தன்னுடைய கணக்குக்கு ஏற்ற மட்டையை எடுத்து அழகாக அடித்தார், அதுவும் அழகாகத் தண்ணீரில் இறங்கியது. மதுக்கரைக்காரர்கள் நாலு பேரும் வரிசையாக வந்து அதே குட்டையில் போட்டார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. இத்தனை பேரும் நம்பிய எண்கள் என் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தன.

கடைசி ஆள் நாச்சிமுத்து. ஏழாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பிறகு நானும் ஓனரும் நிற்கும் இடத்துக்கு வந்து, சத்தம் இல்லாமல் கேட்டார்: "டீச்சர், மிஷின்ல எனக்கு நூத்தம்பத்தஞ்சு காட்டுச்சுங்களே, அது எந்த ஊர்க் காத்துங்க?" ஓனர் இருமினார். அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் துறையை மூடிய அன்று வெறும் வகுப்பில் நின்றது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கேட்டது இயற்பியல் கேள்வி. "ஊட்டிங்க" என்றேன்.

நாச்சிமுத்து ஏழாம் நம்பரைப் பையில் செருகிவிட்டு, இன்னும் தூரம் போகும் ஐந்தாம் நம்பரை எடுத்தார். பந்து குட்டையைத் தாண்டி, புல்லில் இறங்கி, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் அவரைத் தூக்காத குறை. ஓனர் மட்டும் காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்:

"நாளைக்குக் காலையில என்ர ரூமுக்கு வந்துட்டுப் போங்க டீச்சர்."

ஒருவருக்கு மட்டும்

என் சாமான்களை எடுத்துவைக்க ஒரு பையோடுதான் போனேன். ஓனர் காபி வாங்கிக் கொடுத்தார். அதுவே பயமாக இருந்தது. பிறகு சொன்னார், நாச்சிமுத்து வந்துவிட்டுப் போனாராம். கோபம் ஒன்றும் இல்லையாம். ஒரே ஒரு வேண்டுகோளாம். அவருடைய நாலாவது மேடையில் மட்டும் கோயமுத்தூரை வைக்க வேண்டும், மற்ற மூன்றும் ஊட்டியிலேயே இருக்கட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம். "அவரு ஒருத்தருக்கு மாத்திக் குடுங்க, அதுக்கு மிஷினும் வேணும், நீங்களும் வேணும்" என்றார் ஓனர். பையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் வேலுச்சாமி வந்து ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த மனுசன் குட்டைகிட்ட உங்ககிட்ட என்னமோ கேட்டாருங்களே, என்னங்க அது?" கேட்டவருக்கு மறைத்துப் பழக்கமில்லை, கேட்டதை மட்டும் சொல்லிவிட்டேன். அதிர்ந்துபோய் மட்டையை இறுக்கிப் பிடித்தார். சண்டைக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். "என்ர மேடைக்கு மட்டும் கோயமுத்தூர் போடுங்க. மத்தவங்களுக்குச் சொல்லிப்போடாதீங்க" என்றார். சாயங்காலம் டாக்டர் வந்தார், அதே கேள்வி, அதே வேண்டுகோள். விளக்குப் போடும் நேரத்தில் சுப்பிரமணியம், அதே. எல்லோரிடமும் "சரிங்க" என்றேன். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது நாலு மிஷினும் கோயமுத்தூருக்கு இறங்கியிருந்தன, ஓனருக்குத் தெரிந்து ஒன்று மட்டும்.

உண்மையான எண்கள் திரையில் வந்ததும் சண்டை கிளம்பும் என்று மறுநாள் படபடப்போடு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அவரவர் எண்ணைப் பார்த்து அமைதியாக அடித்தார்கள். அப்புறம் கழுத்தை நீட்டிப் பக்கத்துத் திரையைப் பார்த்தார்கள். பார்த்ததும் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு கருணை வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாச்சிமுத்து என் காதருகே குனிந்து, "பாவமுங்க வேலுச்சாமி, ஊட்டிக் காத்துலயே அவருக்கு நூத்து முப்பதுதான் போகுது" என்றார். கொஞ்ச நேரத்தில் வேலுச்சாமி வந்து நாச்சிமுத்துவுக்காக வருத்தப்பட்டார். டாக்டர் இரண்டு பேருக்காகவும் வருத்தப்பட்டார். சுப்பிரமணியம் மூன்று பேருக்காகவும். இதைவிடப் பெரிய அதிர்ச்சி இந்த வேலையில் எனக்கு வந்ததில்லை.

இப்போது நாலு பேரும் தவறாமல் வருகிறார்கள், மதுக்கரைக்குப் போனவர்களில் சிலரையும் கூட்டிவருகிறார்கள். ஓனர் தன் ரூம் ஜன்னல் வழியே அந்தச் சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என்னிடம் பெருமையோடு சொன்னார்:

"பாத்தீங்களா டீச்சர், நான் போட்டு வெச்ச ஊட்டிக் காத்து எப்படி வேலை செய்யுதுன்னு!"

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் அந்த நேரத்துக்குள் பொய் சொல்ல யாராலும் முடியாது. மீதி நேரத்துக்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.